மிதக்கும் ஓடுதளங்கள்

கோபிசெட்டிபாளையத்துக்கும் கடலுக்கும் வெகுதூரம். ஆனாலும் இங்கே அரிசி மில் பாய்லர் அருகே நின்றவர்களுக்கு நம் விமானந்தாங்கிக் கப்பல் ஐஎன்எஸ் விக்கிரமாதித்யாவின் வயிறு சட்டென்று விளங்கும். எட்டு பாய்லர்களின் நீராவி டர்பைன்களைச் சுழற்றுகிறது. நெல்லை அவிக்கும் அதே ஆவிதான் அங்கே சுமார் 45,000 டன் கப்பலைத் தள்ளுகிறது.

கொச்சியில் கட்டப்பட்டு 2022 செப்டம்பர் 2-ல் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் வேறு ரகம். நான்கு எல்எம்-2500 கேஸ் டர்பைன்கள், மொத்தம் 88 மெகாவாட். விமான எஞ்சின் வழி வந்தவை என்பதால், ஆவி கட்டும்வரை காத்திருக்கும் வேலையே இல்லை.

எனக்குப் பிடித்தது அதன் முன்முனை. தளம் 14 டிகிரி மேல்நோக்கி வளைகிறது. மிக்-29கே அதில் ஓடித் தன் பலத்திலேயே எம்பிவிடும். தள்ளிவிட எந்திரம் இல்லை, அதனால் பழுதாகவும் ஒன்றுமில்லை. அமெரிக்காவின் நிமிட்ஸ் வகையிலோ அணு உலையின் நீராவியே விமானத்தைச் சுண்டிவிடுகிறது. பிரான்ஸின் சார்ல் து கோல் நம் விக்ராந்தைவிடச் சற்றுச் சிறியது. ஆனாலும் அப்படிச் சுண்டிவிடும் கேடபுல்ட் இருப்பதால் கனமான ரேடார் விமானத்தையும் ஏற்றிவிடுகிறது. நமக்கு அந்த வேலைக்கு ஹெலிகாப்டர்தான் கதி. வளைவின் எளிமைக்கு நாம் கொடுக்கும் விலை, கொஞ்சம் கூடுதல்தான்.

பிரிட்டனின் குயின் எலிசபெத்துக்கு இரட்டைக் கோபுரம். டர்பைன்களைத் தள்ளித்தள்ளி வைத்ததால் புகைபோக்கிகளும் தள்ளி நிற்கின்றன; ஒரே அடியில் இரண்டும் போய்விடாது. புத்திசாலித்தனம்தான், அழகு என்று மட்டும் சொல்லமாட்டேன்.