பங்குனியில் அளந்த அருவி

பங்குனி மாதம் குற்றாலம் பேரருவிக்கு முன்னால் போய் நின்றால் கறுத்த பாறைதான் தெரியும். பாறையில் செதுக்கிய லிங்கங்கள் வெயிலில் காய்ந்திருக்கும். ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் அந்த லிங்கங்களைத் தேடினாலும் பார்க்க முடியாது. பங்குனியிலும் சித்திரையிலும் வந்து அளந்துவிட்டு, "இவ்விடத்தில் நீரோட்டம் குறிப்பிடும்படி இல்லை" என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், அதில் பொய் என்று ஒரு எழுத்தைக்கூடச் சுட்ட முடியாது. தென்காசிக்காரர் எவரும் அதை ஒப்புக்கொள்ளவும் மாட்டார்.

பெரிய திட்டங்களுக்கு முன்னால் நம் நாட்டில் நடக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாறைதான் நினைவுக்கு வருகிறது. தென்காசி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. நாங்கள் பறப்பதென்றால் வாகைக்குளத்துக்கோ மதுரைக்கோ போக வேண்டும். இல்லையென்றால் மலை தாண்டித் திருவனந்தபுரம். வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையத்தைப் பிரதமர் 2025 ஜூலை 26 அன்று திறந்து வைத்தார். செலவு சுமார் 450 கோடி ரூபாய். பரப்பு 17,340 சதுர மீட்டர். 1,350 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமுமாக இருந்த ஓடுபாதை, 3,115 மீட்டர் நீளத்துக்கும் 45 மீட்டர் அகலத்துக்கும் வளர்ந்திருக்கிறது. துறைமுகத்துக்கும், வளைகுடா நாடுகளுக்குப் போய்வரும் எங்கள் பிள்ளைகளுக்கும் இது தேவைதான். தேவையில்லை என்று சொல்ல நான் வரவில்லை. இப்படி ஒன்று வளரும்போது பக்கத்து ஊருக்கு என்ன ஆகும் என்று கேட்கும் முறை எந்த அளவுக்கு உருப்படியாக இருக்கிறது என்பதே என் கேள்வி.

முதலில் அந்த முறையின் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். 1994-இல் தொடங்கி, 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின் மூலம் இன்றைய வடிவத்துக்கு வந்த ஏற்பாடு இது. திட்டக்காரர் ஆய்வறிக்கை தயாரிக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முப்பது நாள் முன்னறிவிப்பு கொடுத்து மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். ஆட்சியரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை ஏற்க வேண்டும். பேசியதெல்லாம் பதிவாகி, அங்கேயே வாசிக்கப்பட வேண்டும். வேறு அரசு நடைமுறைகளில் ஒரு விவசாயி மைக்கைப் பிடித்து ஆட்சியர் முகத்துக்கு நேராக "வேண்டாம்" என்று சொல்லி, அந்தச் சொல் தில்லி வரைக்கும் ஆவணமாகப் போவது அரிது.

அந்தப் பதிவுக்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்கு எங்களுக்கு அருகிலேயே சாட்சி இருக்கிறது. செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் என்று மலையிறங்கிப் பத்தனம்திட்டா பக்கம் போனால் பம்பைக் கரையில் ஆரன்முளை. கண்ணாடிக்கும் வள்ளம்களிக்கும் பேர்போன ஊர். அங்கே வயலும் சதுப்பும் கிடந்த இடத்தில் ஒரு தனியார் விமான நிலையத்துக்கு 2013 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டது. கவிஞர் சுகதகுமாரி முன்னால் நிற்க, ஊர் எதிர்த்தது. தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 மே 28 அன்று அந்த அனுமதியை ரத்து செய்தது. ஆய்வறிக்கை எழுதிய நிறுவனத்துக்கு விமான நிலையத் திட்டங்களை ஆய்வு செய்யும் தகுதிச் சான்று இல்லை. கருத்துக்கேட்பும் விதிப்படி நடக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பாயத்தின் முடிவை மாற்றவில்லை. நாலு வருஷம் கழித்து, 2018 ஆகஸ்டில் பம்பை பெருகி ஆரன்முளை முழுகியது. வயல்வெளியில் கட்டிய நெடும்பாசேரி கொச்சி விமான நிலையம் அதே வெள்ளத்தில் ஆகஸ்ட் 15 முதல் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. ஆரன்முளையில் அந்த ஓடுபாதை வந்திருந்தால் தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் பேசிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

கோவாவின் மோப்பா விமான நிலைய வழக்கையும் இங்கே சொல்ல வேண்டும். சுற்றுவட்டாரத்துக் காடுகளை விண்ணப்பப் படிவத்தில் மறைத்ததற்காக 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அனுமதியையே நிறுத்தி வைத்தது. மறு ஆய்வுக்குப் பிறகு, கூடுதல் நிபந்தனைகளோடு 2020-இல் தடை விலகியது. விமான நிலையம் வந்தே விட்டது. ஆனால் படிவத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால்கூட அது கேள்விக்குள்ளாகும் என்பது அதன்பிறகு சட்டத்தின் பகுதியாகிவிட்டது.

இத்தனை வலுவுள்ள முறையின் அடிப்படைக் குறை அளக்கும் காலத்தில் இருக்கிறது. பெரும்பாலான அறிக்கைகளுக்கு ஒரு பருவத்துத் தரவு போதும். அதுவும் மழையில்லாத பருவம். காற்றைப் பொறுத்தவரை இது நியாயமான ஏற்பாடு. மழை பெய்தால் புழுதி அடங்கிவிடும், உண்மையான மோசம் தெரியாது. ஆனால் காற்றுக்காக வகுத்த கணக்கு, நடைமுறையில் தண்ணீருக்கும் ஒலிக்கும் அளவுகோலாகிவிடுகிறது.

ஒலியை எடுத்துக்கொள்வோம். வாகைக்குளம் ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. விமானம் எதிர்காற்றில்தான் ஏறும், எதிர்காற்றில்தான் இறங்கும். ஆடி மாதம் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்ந்து, சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்று கடற்கரை வரைக்கும் போகிறது. அப்போது விமானம் மேற்கே பார்த்து ஏறும். ஏறும்போது எழும் பேரிரைச்சல் மேற்குப் பக்கத்து ஊர்களுக்கு. ஐப்பசிக்குப் பிறகு வாடை திரும்பினால் ஏறும் திசையும் திரும்பும். இரைச்சல் கிழக்கு ஊர்களுக்குப் போய்விடும். மூன்று மாதம் கருவியை வைத்து அளந்தவர் பாதிச் சங்கதியைத்தான் கேட்டிருப்பார். இன்னொன்று: 2018-இல் வந்த விமான நிலைய ஒலி வரம்பு சராசரிக் கணக்கு. நெரிசல் குறைந்த நிலையங்களைச் சுற்றிப் பகலில் 65 டெசிபல், இரவில் 60. ஒரு நாளைக்குச் சில விமானங்களே வந்துபோகும் இடத்தில், ஒவ்வொன்றும் கூரையை அதிர வைத்தாலும் பதினாறு மணி நேரச் சராசரியில் அது கரைந்துவிடும். தொட்டிலில் தூங்கும் குழந்தை சராசரியைக் கேட்டு விழிப்பதில்லை.

தண்ணீர்க் கணக்கை நானே காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பழைய ஓடுபாதை 40,500 சதுர மீட்டர், புதியது 1,40,175. கூடியது ஏறக்குறைய 25 ஏக்கர். ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்தக் கூடுதல் தளத்தில் மட்டும் பத்து லட்சம் லிட்டர் தண்ணீர் விழும். மண் குடிக்காத தண்ணீர். விமானங்கள் நிற்கும் தளம், இணைப்புப் பாதை, கார் நிறுத்தம் எதையும் இதில் சேர்க்கவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது, கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி மிதந்தது. அப்படிப்பட்ட மழையில் வெறும் மண்ணும் குடிப்பதை நிறுத்திவிடும், உண்மைதான். ஆனால் அந்தச் சீமை முழுவதும் குளத்துக்குக் குளம் மறுகால் பாய்ந்து பிழைத்த சீமை. வாகைக்குளம் என்ற பேரிலேயே குளம் இருக்கிறது. வெயில் மாதத்தில் வந்து பார்ப்பவருக்கு மறுகால் ஓடை வெறும் முள்காட்டுப் பள்ளம்தான்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் பக்கத்துக் கல்குவாரி ஒன்றுக்கு நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள், மேசையில் தண்ணீர்ப் பாட்டில்கள், முன்வரிசையில் தடித்த ஆங்கில அறிக்கை. தமிழில் சுருக்கம் மட்டும்தான். தோளில் துண்டோடு எழுந்த ஒரு பெரியவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, மாசியில வந்து எங்க கெணத்த அளந்துட்டுப் போயிருக்காவ. ஐப்பசியில வாங்கய்யா. எத்தனாவது படியில தண்ணி நிக்கின்னு நான் காட்டுதேன்." கூட்டம் கைதட்டியது. ஆலோசனை நிறுவனத்து இளைஞர் பதில் சொன்னார்: "விதிமுறைப்படி ஒரு பருவம் எடுத்தால் போதும்." இரண்டுமே பதிவேட்டில் ஏறின. அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனத்துக்குத் திட்டக்காரர் பணம் கொடுக்கிறார். கட்டி முடிக்கத்தான் அறிக்கை கேட்கிறார். அனுமதி கிடைக்காத அறிக்கையை எழுதுபவருக்கு அடுத்த வேலை யார் கொடுப்பார்? ஆய்வுக் கட்டணத்தைத் திட்டக்காரரிடம் வாங்கிப் பொது நிதியில் போட்டு, ஆய்வாளரை வாரியமே அமர்த்தலாம். மற்ற குறைகளுக்கு ஆளுக்கொரு மருந்து சொல்லலாம். இதற்கு வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது வட்டம். திட்டத்தை நடுவில் வைத்துப் பத்து கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் ஆய்வு செய்கிறார்கள். இரைச்சலுக்கும் புழுதிக்கும் வட்டம் சரி. தண்ணீர் வட்டத்தில் ஓடாது. குற்றாலத்தில் விழுவது சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகள் வழியாகக் கடலுக்குப் போகிறது. மேலே மலையில் பெய்ததும் கீழே குளத்தில் நிற்பதும் ஒரே தண்ணீர். ஆனால் விமான நிலைய அறிக்கையில் அது வட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையனைக் கொண்டுபோனது. அது கோடை மாதம்; குளிக்கும் இடத்தில் மழை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. மேலே எங்கேயோ பெய்தது இங்கே உயிரை எடுக்கும் என்பது எங்களுக்குப் பாடமாகத் தெரியும். நீர்ப்பிடிப்பு எல்லைதான் ஆய்வின் எல்லையாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

இந்த முறை பேருக்கு மட்டும் தொடும் ஒன்றும் இருக்கிறது, அது வீடு. மதுரை விமான நிலைய விரிவாக்கத்துக்காகச் சின்ன உடைப்பு கிராம மக்கள் 2024 நவம்பரில் தெருவில் உட்கார்ந்தார்கள். கேட்டது மாற்று இடமும் மறுவாழ்வும். நிலம் எடுப்பது வேறு சட்டம், வேறு துறை, வேறு கோப்பு. சுற்றுச்சூழல் கூட்டத்தில் எழுந்து "எங்களை எங்கே குடிவைப்பீர்கள்" என்று கேட்டால், அது வருவாய்த் துறை விவகாரம் என்று பதில் வரும். குடியிருப்பவருக்கு வீடும் கிணறும் இரைச்சலும் ஒரே வாழ்க்கை. பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரத்தில் ஆயிரம் நாளுக்கு மேலாக நடக்கும் போராட்டத்திலும் ஏரியும் வீடும் ஒரே மூச்சில் பேசப்படுவதைக் கவனித்திருப்பீர்கள். ஜப்பான் 1966-இல் உழவர்களைக் கேட்காமலே நரிட்டா விமான நிலையத்துக்கு இடம் குறித்தது. திறக்கவே 1978 ஆனது. இரண்டாவது ஓடுபாதை 2002-இல் வந்தபோது, விட்டுக்கொடுக்காத நிலங்களால், திட்டமிட்ட 2,500 மீட்டருக்குப் பதில் 2,180 மீட்டரோடு நின்றது. முதலில் கேட்காமல் விட்டதை முப்பது வருஷம் உட்கார்ந்து கேட்க வேண்டியதாயிற்று.

விரிவாக்கம் என்ற சொல்லுக்கே இந்த நடைமுறையில் ஒரு சலுகை உண்டு. புதிய விமான நிலையமென்றால் கருத்துக்கேட்பு கட்டாயம். இருப்பதைப் பெரிதாக்கினால், முழு ஆய்வும் கருத்துக்கேட்பும் தேவையா என்பதை நிபுணர் குழு காகிதங்களைப் பார்த்து முடிவு செய்யலாம். ஓடுபாதை இரண்டு மடங்குக்கு மேல் நீளும்போது பக்கத்து ஊருக்கு அது புதிய விமான நிலையம்தான். இந்த நடைமுறையையே மாற்ற 2020-இல் வந்த வரைவு அறிவிக்கை, கூட்டத்துக்கான முன்னறிவிப்பை முப்பதிலிருந்து இருபது நாளாகக் குறைக்கப் பார்த்தது. அந்த வரைவையே எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் தரும்படி தில்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. குறைகளைச் சொல்லும்போது எனக்கு ஒரு பயம் உண்டு. இந்த முறை சரியில்லை என்று நாம் சொன்னால், அப்படியானால் எடுத்துவிடலாம் என்று கிளம்புபவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்பது முழு வருஷத்து அளவீடு, முழு அறிக்கையும் தமிழில், விரிவாக்கத்துக்கும் கட்டாயக் கூட்டம்.

அனுமதி பெற்ற ஒவ்வொரு திட்டமும் ஜூன் 1, டிசம்பர் 1 என ஆண்டுக்கு இரண்டு முறை நிபந்தனைகளை நிறைவேற்றிய கணக்கைக் கொடுக்க வேண்டும். அது பொது ஆவணம். யார் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். வாகைக்குளம் சுற்றுவட்டாரத்து ஊராட்சிகள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஒலி எந்த மாதத்தில், ஓடுபாதையின் எந்தப் பக்கத்தில் அளக்கப்பட்டது, மழைநீர் வடிகால் எந்தக் குளத்தில் போய்ச் சேருகிறது என்ற இரண்டு கேள்விகளை கிராம சபைத் தீர்மானமாக எழுதி அனுப்பலாம். ஆடியில் ஒரு முறை, கார்த்திகையில் ஒரு முறை.