முதிய செவியும் மோர்ஸ் சங்கேதமும்

அமெச்சூர் வானொலியில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர்களில் பலர், வீட்டார் பேசும் பேச்சே காதில் மங்கத் தொடங்கிய பிறகும், மோர்ஸ் சங்கேதத்தைச் சிரமமின்றி வாங்கி எழுதுவதுண்டு. இதற்குக் காரணம் தெளிவானது. மூப்பினால் வரும் செவிமந்தம், உட்செவியின் நத்தைச் சுருளில் அடிப்பாகத்திலுள்ள நுண்மயிர் அணுக்களையே முதலில் தாக்குவதால், மெய்யெழுத்துக்களைப் பிரித்துக் காட்டும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட உச்ச ஸ்தாயி முந்திக் குன்ற, 500 ஹெர்ட்ஸை ஒட்டிய கீழ் ஸ்தாயி நெடுங்காலம் நிலைத்து நிற்கிறது. மோர்ஸோ ஒரே சுருதியில் ஒலிப்பது, அந்தச் சுருதியைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரமும் கேட்பவருக்கே உரியது.

ஆகவே ரிசீவரின் சுருதியை 700, 800 ஹெர்ட்ஸிலிருந்து 450க்கோ 400க்கோ இறக்கிக்கொள்ளும் மூத்தவர்களின் வழக்கம் சாஸ்திர சம்மதமானதே. அதில் வேறொரு லாபமும் உண்டு. இரு நிலையங்கள் 50 ஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருங்கி ஒலிக்கும்போது, அவை 800லும் 850லும் கேட்டால் அவற்றிடையே உள்ள தூரம் ஏறக்குறைய ஸட்ஜமத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் உள்ளதே. 400லும் 450லும் கேட்டாலோ அது சதுச்ருதி ரிஷபம் வரை விரிந்து, வேண்டியதை மட்டும் பற்றிக்கொள்ளக் காதுக்கு இடம் தருகிறது. ஓயாமல் கீச்சிடும் காதிரைச்சல் உடையவர்களுக்கும் இது அனுகூலம்.

ஆனால் இதனோடு சேர்ந்தே வரும் மற்றொரு வழக்கத்தை, அதாவது ஃபில்டரை இயன்றமட்டும் குறுக்கிவிடுவதை, அவ்வளவு தாராளமாக நான் ஒப்ப மாட்டேன். நிமிடத்துக்கு 30 சொல் வேகத்தில் ஒரு புள்ளியின் ஆயுள் 40 மில்லிசெகண்டு. 50 ஹெர்ட்ஸ் அகலமே உள்ள ஃபில்டரில் ஒலி எழுவதற்கும் அடங்குவதற்கும் தலைக்குச் சுமார் 20 மில்லிசெகண்டு பிடிக்குமாதலால், புள்ளிகளுக்கு இடையிலுள்ள மௌனம் பாதி நிரம்பிப்போய், மூன்று புள்ளியான எஸ், நான்கு புள்ளியான எச், ஐந்து புள்ளியான 5 ஆகிய மூன்றும் ஒரே மணியின் ரீங்காரமாக மயங்குகின்றன. சப்தம் போதிய அளவு கேட்டாலும் சிறு இடைவெளிகளைப் பிடிப்பதில் முதிய செவி பின்தங்குவது இயல்பு. அந்தப் பலவீனத்தை இக்கருவி பெருக்கியே வைக்கிறது. வால்யூமைக் கூட்டுவதிலும் பயனில்லை: மெல்லொலி கேளாத செவிக்கே பேரொலி சட்டென வேதனையாவதால், இடி மின்னலின் ஒரு வெடிப்பு ஹெட்போனைக் கழற்ற வைத்துவிடும்.

செவித்துணைக் கருவியின் விஷயம் இன்னும் சிக்கலானது. பேச்சுக்கென்றே அமைந்த அக்கருவி, நீடித்து ஒலிக்கும் ஒற்றைச் சுருதியைத் தன் சொந்த ஊளையென்று எண்ணி அமுக்கவோ நடுங்க வைக்கவோ கூடும்; ப்ளூடூத் வழியாகக் கேட்டாலோ, தாம் அடிக்கும் சாவியின் ஒலியே தாமதித்து வந்து கை தடுமாறுகிறது. சங்கீதம் கேட்பதற்கான தனி அமைப்பை மருத்துவரிடம் கேட்டுப் பெறுவது நலம்; கீழ் ஸ்தாயி இன்னும் நன்றாகக் கேட்பவர்கள் கருவியைக் கழற்றிவிட்டு ஹெட்போன் அணிவதே எளிது.

இத்தனை உபாயங்களையும் நாடுகிறவர்கள், மெதுவாக அனுப்புக என்னும் பொருளுடைய 'க்யூ.ஆர்.எஸ்.' என்ற மூன்றெழுத்தை அடிக்க மட்டும் கூசுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. வேகத்தைப் பெருமையாகக் கொண்ட பழைய அபிமானமே இதற்குக் காரணம். அழைத்தவரின் வேகத்திலேயே பதில் தருவது இத்துறையின் நெடுநாளைய மரியாதையாதலால், நிமிடத்துக்கு 15 சொல் வேகத்தில் நிதானமாக அழைப்பு விடுக்கும் முதியவர், பெரும்பாலும் அதைக்கூடக் கேட்க வேண்டியிராது.