முகமும் குரலும்: பாட்டுப் புத்தக அட்டைகள்

மஞ்சவாடிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் சேலம். அங்கே டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் 1930களின் நடுவில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் படம் எடுத்துத் தள்ளியது. இந்தப் பக்கம் பாப்பிரெட்டிப்பட்டி, பொம்மிடி, அரூர். டெண்டுக் கொட்டாயில் நாலு நாள் ஓடிய பிறகு படப்பெட்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். வீட்டில் தங்கியது இடைவேளையில் வாங்கிய பாட்டுப் புத்தகம். அதிலுள்ள பாட்டுகளைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அட்டையைப் பற்றிப் பேச ஆள் குறைவு.

ஒப்பிட்டுப் பார்க்க வெளிநாட்டிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவில் 1892இல் வெளியான ‘ஆஃப்டர் தி பால்’ பாட்டின் அச்சுப் பிரதி லட்சக்கணக்கில் விற்றது. உள்ளே இசைக்குறிப்பு இருக்கும். பியானோ உள்ள வீடுகள் வாங்கின. அந்தக் காலத்துப் பிரதிகளின் அட்டையில் பெரிய ஓவியம், ஓரத்தில் பாட்டை மேடையில் பாடிப் பேர்வாங்கிய பாடகரின் சிறு படம். நம்மிடமும் ஸ்வரம் அச்சேறாமல் இல்லை. அதே 1890களில் சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய இசைக்குறிப்பில் அச்சிட்டார். 1904இல் எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வந்தது. அவை வித்துவான்களுக்கு. சந்தையில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் ராகம், தாளம், ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்ற குறிப்பு, அவ்வளவே. மெட்டைச் சுமந்தது காது. அதனால் நம் அட்டைக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது: கண்டதும் கேட்ட பாட்டு மனத்தில் ஓட வேண்டும். நல்ல அட்டை எது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இது.

மூத்த மரபு சென்னையில் குஜிலி எனப்பட்ட சந்தைக் கடைகளுடையது. மட்டமான தாள், காலணா அரையணா விலை. கொலைச் சிந்து, ரயில் விபத்து, வெள்ளம், 1914இல் சென்னையில் குண்டு வீசிய எம்டன் என எதுவும் பாட்டாகும். விற்பவரே சந்தையில் நின்று பாடுவார். அட்டையிலுள்ள மரக்கட்டை அச்சுக்கும் பாட்டுக்கும் சம்பந்தம் இருந்தால் அது தற்செயல்! அச்சகத்தில் இருந்த கட்டையை எடுத்து அடித்தார்கள். என் அளவுகோலில் இவை தோற்கும். ஆனாலும் அந்தக் கரடுமுரடான கோடுகளின் வேகம் பிந்தைய பளபளப்பில் கிடைக்கவில்லை.

1931இல் ‘காளிதாஸ்’ வந்ததும் பேசும்படப் பாட்டுப் புத்தகங்களின் காலம் பிறந்தது. 1934இன் ‘பவளக்கொடி’யில் ஏறத்தாழ ஐம்பது பாட்டுகள், புத்தகம் கனமாக இருந்ததில் வியப்பில்லை. அட்டையில் ஆஃப்டோன் பிளாக்கில் நடிகரின் புகைப்படம், பச்சையோ நீலமோ அரக்கோ ஒற்றை மை. அச்சு மங்கல், முகத்தில் புள்ளி தெரியும். இருந்தும் தமிழ்ப் பாட்டுப் புத்தக அட்டையின் பொற்காலம் என்று இதைத்தான் சொல்வேன். தியாகராஜ பாகவதர், பி.யு. சின்னப்பா, கே.பி. சுந்தராம்பாள், எம்.எஸ். சுப்புலட்சுமி: அட்டையிலுள்ள முகமே பாடிய முகம். மங்கலான பிளாக்கைப் பார்த்தாலும் குரல் கேட்கும். 1944இன் ‘ஜகதலப்பிரதாபன்’ கச்சேரிக் காட்சியில் சின்னப்பா ஒரே திரையில் ஐந்து பேராக அமர்ந்து பாடி, வாசித்துக் காட்டினாரே, அந்த முகத்துக்கு எந்த ஓவியன் என்ன சேர்க்க முடியும்?

இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் படத்தின் நீளம் 11,000 அடிக்குக் கட்டுப்படுத்தப்பட்டது. பாட்டுகள் குறைந்தன, தாளும் கிடைக்கவில்லை. புத்தகம் இளைத்தது.

பிறகு ஸ்டூடியோ மரபு. ஜெமினியின் குழல் ஊதும் இரட்டைக் குழந்தைகள் புத்தகத்துக்கு முத்திரை ஆனார்கள். நாடகத் திரைச்சீலை எழுதிப் பழகிய கை காலண்டருக்கும் சினிமா விளம்பரத்துக்கும் வந்தது. கோவில்பட்டி கொண்டையராஜுவும் கே. மாதவனும் அந்த வழியில் வந்தவர்கள். வழவழப்பான கன்னம், எங்கிருந்தோ விழும் மஞ்சள் ஒளி. தலைப்பெழுத்தும் தனிக்கலை ஆயிற்று. புராணப் படத்துக்குச் சுருள் எழுத்து, ராஜா ராணிப் படத்துக்கு வாள்முனை எழுத்து, சமூகப் படத்துக்குச் சாய்ந்த தூரிகை எழுத்து. எழுத்தைப் பார்த்தே படத்தின் இனம் சொல்லலாம். வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழுந்திருக்கின்றனவா என்பது அச்சுக்காரர்களின் அளவுகோல். அதில் பல அட்டைகள் நூற்றுக்கு நூறு.

என் அளவுகோலில் இங்கேதான் இடறுகிறது. 1938இல் ஏ.வி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ படத்தில் நடந்த பின்னணிப் பாட்டுச் சோதனை, பத்துப் பன்னிரண்டு ஆண்டில் வழக்கமாகிவிட்டது. மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரி குமாரி’யை (1950) எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் ஊராகப் பாடப்பட்ட அதன் மலையுச்சிப் பாட்டைப் பாடியவர்கள் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும், வாயசைத்தவர்கள் எஸ்.ஏ. நடராஜனும் மாதுரி தேவியும். அட்டை நடித்தவர்களுக்கு, பாடியவர்களுக்கு உள்பக்கத்தில் பொடி எழுத்து. ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), தமிழின் முதல் முழு நீள வண்ணப்படம், பானுமதியால் இதற்கு விலக்கு: நடித்தவரே பாடினார். மற்றபடி மேல்நாட்டு அட்டை பாடகருக்குக் கொடுத்த அந்த ஓர மூலையை நம் ஸ்டூடியோ அட்டைகள் டி.எம். சௌந்தரராஜனுக்கோ பி. சுசீலாவுக்கோ கொடுக்க நினைக்கவில்லை.

எழுபதுகளில் ஈஸ்வர் போன்ற வடிவமைப்பாளர்கள் புகைப்படத்தை வெட்டி ஒட்டித் தூரிகையால் இழைத்துப் புதுமை செய்தார்கள். அதன் பலன் சுவரொட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. பத்துப் பைசாப் புத்தகம் அதன் சுருங்கிய நிழலை அச்சிட்டுக்கொண்டது.

இவற்றில் எஞ்சியவற்றைப் பார்க்க வேண்டுமானால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போக வேண்டும். கோட்டையூர் முத்தையா செட்டியார் பழந்தாள்களைத் தேடித்தேடிச் சேர்த்தவர். பிழைப்புக்கு விளம்பரப் பலகை எழுதியவர் என்பதால் எழுத்தின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது.

எண்பதுகளில் கேசட் பரவியது. இடைவேளையில் ‘பாட்டுப் புஸ்தகம்’ என்று கூவியவர்கள் முறுக்குத் தட்டுக்கு மாறினார்கள். அந்தக் கேசட் பெட்டிகளின் உள்ளட்டையில், உள்ளங்கை அகலத் தாளில், டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும் முகம் காட்டினார்கள்.