இலையில்லாத தடிக்கு எதற்குக் குடை?

கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் வீட்டில் சீமை அத்தித் தடி வேர்பிடிக்க வைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். பென்சில் தடிப்பில் ஒரு சாண் தடி, கறுப்புப் பையில் தும்புத்தூளும் ஆற்று மணலும், மேலே இறுக்கிக் கட்டிய பொலித்தீன். இரண்டொரு கிழமையில் மொட்டு விரியும், வீடே மகிழும். பிறகு இலை தொங்கும். தடியைப் பிடித்து இழுத்தால் அடி கறுத்துக் கொழகொழத்துக் கையோடு வரும். உடனே பழி தடியின்மேலும் வேர்விடத் தடவிய வேர்ப்பொடியின்மேலும் விழுகிறது. என் சந்தேகம் பொலித்தீன்மேல்.

இந்த மூடாக்கு மலையகத்துக்குப் புதிதல்ல. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் டி.ஆர்.ஐ. 2025 போன்ற தேயிலை வகைகள் தோட்டம் தோட்டமாகப் பரவியது வீ.பி. நாற்றாக, அதாவது வெட்டிய தண்டுத் துண்டை மூடிவைத்து வேர்விட வைத்துத்தான். கண்டி, மாத்தளை வீட்டுத் தோட்டங்களில் மிளகுக் கொடியும் பொலித்தீன் கூடாரத்துக்குள் வேர்விடுகிறது. பழகிய கை அத்திக்கும் அதையே செய்வதில் வியப்பில்லை. ஆனால் வெட்டிய தேயிலைத் துண்டில் ஓர் இலை இருக்கிறது. வேர் வரும்வரை அதற்குச் சோறு போடுவது அந்த இலைதான். அந்த இலையோ நீரை வெளியே விட்டபடியே இருக்கும், ஈடுசெய்ய வேர் இல்லை. எனவே மூடாவிட்டால் அது பிழைக்காது. முற்றிய அத்தித் தடியின் கதை வேறு. அதன் உணவு தடிக்குள்ளேயே மாப்பொருளாகச் சேர்ந்திருக்கிறது. இலையே இல்லாதபோது நீரிழப்பும் சொற்பம். அங்கே பொலித்தீன் கொடுப்பது பூஞ்சணத்துக்கு வேண்டிய ஈரத்தை மட்டுமே. கண்டியில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்த ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை.

சான்றுக்குத் தூரம் போகவேண்டாம். மிளகு படர நட்ட கிளிரிசீடியாக் கம்பை எவராவது பொலித்தீனால் மூடியதுண்டா? வெறுங்கம்பாக ஊன்றுகிறோம், துளிர்க்கிறது. அத்தி அத்தனை முரட்டு மரமல்ல என்பது உண்மை. என்றாலும் அதன் கணுக்களிலும் வேர் முளைகள் முன்கூட்டியே உறங்கிக் கிடக்கின்றன.

மூடாக்கை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. அடைமழை நேராகப் பைக்குள் விழாமல் அது தடுக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட காற்றில் மேல்மொட்டு காயாமல் காக்கிறது. அதன் உண்மையான வேளையோ வேர் வருமுன் இலை விரியும்போதுதான். நாமோ மூடத் தேவையில்லாத நாள்களில் மூடிவைத்து, இலையைக் கண்ட மகிழ்ச்சியில் சட்டென்று திறந்து வெயிலில் வைக்கிறோம். தடியின் சேமிப்பைத் தின்று வந்த இலை அது. வேரில்லாமல் அது எப்படித் தாங்கும்? அப்போது ஓர் இலையை மட்டும் விட்டு, நிழலில் வைத்துத் தளர்வாக மூடி, சில நாள்களில் மெல்லத் திறப்பதே சரி.

நோயை அடையாளம் காண்பது அவ்வளவு கடினமல்ல. அடி கறுத்துப் புளித்த மணம் வீசினால் தண்ணீர் கூடிவிட்டது. பட்டை சுருங்கினால் குறைந்துவிட்டது. நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரிகிறதா? தடிக்கு உயிர் இருக்கிறது, பொறுத்திருக்கலாம். சிறு கருப்பு ஈக்கள் மொய்த்தால் தும்புத்தூள் ஊறிக் கிடக்கிறது என்று பொருள். கையில் இறுக்கிப் பிழிந்தால் சொட்டாத அளவே ஈரம் போதும். வேர்ப்பொடி அழுகலுக்கு மருந்தல்ல. அத்திக்கு அது பெரிதாகத் தேவைப்படுவதும் இல்லை. குளிர்நாட்டுக் குறிப்புகள் சொல்லும் அடிச்சூட்டு விரிப்பும் இங்கே வீண் செலவு. கண்டியின் சராசரி வெப்பம் 24, 25 பாகை செல்சியஸ், வேருக்கு அதுவே தோது.

சரிசெய்யக் கடினமான குறை தடியிலேயே இருக்கிறது. மத்தியதரைக்கடல் நாடுகளில் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் மரத்திலிருந்து, சேமிப்பு நிறைந்த தடியை வெட்டுகிறார்கள். நம் மரத்துக்கு அப்படி ஓர் உறக்கம் வாய்ப்பதில்லை. பச்சை நுனியை வெட்டினால் எந்த மூடாக்கும் காப்பாற்றாது. பழுப்பேறிய, கணு நெருங்கிய கிளையைத் தேடி, மழை ஓய்ந்த ஜனவரியில் வெட்டி, பால் உலர்ந்தபின் நடவேண்டும்.

முற்றிய கிளை இரண்டொன்றுதான் உண்டென்றால் வெட்டவே வேண்டாம், காற்றுப் பதியம் போடலாம். பட்டையை வளையமாக நீக்கி ஈரத் தும்பை வைத்துப் பொலித்தீனால் சுற்றிக் கட்டினால், வேர் வரும்வரை கிளைக்குத் தாய்மரமே நீர் கொடுக்கும். பொலித்தீனுக்கு அங்கே நியாயமான வேலையும் இருக்கிறது.