பொள்ளிலூர் ஓவியத்தில் இல்லாத கடல்

ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு வரையச் சொன்ன பொள்ளிலூர் ஓவியம் அற்புதம்தான். 1780 செப்டம்பர் 10: பல்லக்கில் பெய்லி, வெடித்துச் சிதறும் மருந்து வண்டி. பார்த்ததுமே கம்பெனி கதை முடிஞ்சுதுன்னு தோணும். எனக்கு நெருடுவது அங்கேதான்.

கதை முடியவில்லை. காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோ செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். கடல் வழியே உதவி வரும்வரை சென்னை விழாது. கடலுக்கோ ஹைதர் பிரெஞ்சுக்காரரைத்தான் நம்பணும். 1782 பிப்ரவரி 17இல், மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினக் கடலில் சுஃப்ரேனும் ஹியூசும் மோதினார்கள். யாருக்கும் தீர்மானமான வெற்றி இல்லை.

அந்த மே மாதமே மராத்தியர் சால்பாயில் கம்பெனியோடு சமாதானம். டிசம்பரில் ஹைதர் மறைவு. 1783இல் ஐரோப்பாவில் சண்டை ஓய்ந்த செய்தி வந்ததும் கடலூரில் பிரெஞ்சுப் படையும் நிறுத்திக்கொண்டது.

கூட்டாளிகளைத் துரோகிகள்னு திட்டுவதில் அர்த்தமில்லை. பிரெஞ்சுக்காரருக்கு அது அமெரிக்கப் போரின் ஒரு முனை. மராத்தியருக்குப் பம்பாயோடு தனி வழக்கு. அவரவர் போர் முடிந்ததும் அவரவர் கிளம்பினார்கள். ஆனாலும் கம்பெனி பல முனைகளில் சிதறியிருந்ததால்தான் 1784 மங்களூர் உடன்படிக்கையில் திப்பு சமமாக உட்கார முடிந்தது.

1790இல் மராத்தியரும் நிஜாமும் கம்பெனி பக்கம். 1792இல் பாதி ராஜ்யம் போச்சு. பொள்ளிலூரைப் பாடும் நம்ம வரலாற்று நூல்கள் இந்தக் கணக்கையும் சேர்த்து எழுதணும்.