முடியாத விளையாட்டின் ருசி

வீடியோ கேம்களில் எனக்கு ஆகப் பிடித்த பருவம், அவை இன்னும் செய்து முடியாமல் இருக்கும் பருவம்தான். பெரிய நிறுவனங்களின் கேம்களைச் சொல்லவில்லை. அவை கதவைச் சாத்திக்கொண்டு செய்யப்பட்டு, ஒரு நாள் விளம்பர வெளிச்சத்தோடு வந்து இறங்குபவை. நான் சொல்வது, பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் ஒருவரோ இருவரோ உட்கார்ந்து ஆசைக்குச் செய்யும் சின்னக் கேம்களை. பாதி வழியிலேயே அரை மணி நேரம் ஆடிப் பார்க்கக்கூடிய ஒரு டெமோவை அவர்கள் வெளியே வைக்கிறார்கள். வைத்துவிட்டு இரண்டு கேட்கிறார்கள்: முடிந்தால் கொஞ்சம் காசு, எப்படியும் ஒரு வார்த்தை. அந்த டெமோ, அந்தக் கேட்கும் விதம், அதற்கு வரும் பதில் எல்லாம் சேர்ந்ததே ஒரு கலை. அந்தக் கலையில் காசு கொடுப்பவரைவிடக் கவனம் கொடுப்பவருக்குத்தான் பெரிய இடம் என்று நான் நம்புகிறேன்.

டெமோ என்றால் என்னவாக இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், 'அண்டர்டேல்' டெமோவைத்தான் காட்டுவேன். அமெரிக்கரான டோபி ஃபாக்ஸ் அதை 2013 மே மாதம் வெளியிட்டார். பலரிடம் சிறுகச் சிறுக நிதி திரட்டும் கிக்ஸ்டார்டர் தளத்தில் அடுத்த மாதம் அவர் கேட்டது 5,000 டாலர். 2,398 பேர் சேர்ந்து 51,124 டாலர் கொடுத்தார்கள். படங்களோ சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனவை. பெயர் தெரிந்த நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. பின் எதை நம்பிக் கொடுத்தார்கள்?

டெமோவை ஆடினால் தெரியும். பூமிக்கு அடியில் விழுந்த ஒரு குழந்தை நீங்கள். முதலில் எதிர்ப்படுவது சிரித்த முகத்தோடு ஒரு பூ. அன்பு தருகிறேன், பிடித்துக்கொள் என்று எதையோ தூவுகிறது. பிடித்தால் உயிர் கிட்டத்தட்ட முழுவதும் போய்விடுகிறது. கண்ணால் காண்பதை இங்கே அப்படியே நம்பக்கூடாது என்ற பாடம் முதல் நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது. பிறகு டோரியல் வருகிறாள், ஆட்டு முகம் கொண்ட ஒரு தாய். வழியில் முள் பதித்த தரை. வேறு கேம் என்றால் அதைக் கடக்கும் வழியைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. இவள் உங்கள் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். அப்படிப்பட்டவளே கடைசியில், வெளியே போனால் உனக்கு ஆபத்து என்று வாசலை மறித்து நிற்கிறாள். சண்டை போடலாம், போட மாட்டேன் என்று மறுத்துக்கொண்டே இருக்கவும் செய்யலாம். உங்கள் உயிர் மிகவும் குறைந்துவிட்டால், அவள் வீசும் நெருப்பு உங்களை விட்டு விலகி விழத் தொடங்கும். உன்னைக் கொல்ல எனக்கு மனமில்லை என்று எந்த வசனமும் சொல்வதில்லை. நெருப்பு போகும் திசையிலேயே அது இருக்கிறது. இதுதான் நான் சொல்லும் ருசி. எழுத்திலோ சினிமாவிலோ இதை இதே மாதிரி செய்ய முடியாது. 2015 செப்டம்பர் 15-ல் முழு கேமும் வந்தது.

காசு கேட்பதிலும் ஒரு கைத்திறன் உண்டு. 2012-ல் அமெரிக்காவின் டபுள் ஃபைன் நிறுவனம் 4,00,000 டாலர் கேட்டபோது 87,000-க்கும் அதிகமானோர் 33 லட்சம் டாலருக்கு மேல் கொட்டினார்கள். கேம்களுக்குக் கூட்டுநிதி என்ற வழியை உலகம் திரும்பிப் பார்த்தது அப்போதுதான். ஆனால் பணம் பெருகப் பெருகக் கனவும் பெருத்தது. 'புரோக்கன் ஏஜ்' என்ற அந்தக் கேம் 2014, 2015 என்று இரண்டு பாகமாகத்தான் வந்து சேர்ந்தது. எனக்குப் பிடித்த கணக்கு அதைவிடச் சின்னது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரத்தில் ஆரி கிப்சன், வில்லியம் பெலன் என்ற இருவர் 2013-ல், சில நாட்களுக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கும் லூடம் டேர் போட்டிக்காக ஒரு குட்டிக் கேம் செய்தார்கள். அதில் பிறந்த பூச்சி வீரனை வைத்து, 2014 கடைசியில் 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டார்கள். 2,158 பேர் 57,000 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 2017 பிப்ரவரியில் 'ஹாலோ நைட்' வந்தது. நிதி இந்த அளவைத் தாண்டினால் இன்னொரு பாத்திரமாகவும் ஆட வழிசெய்வோம் என்று அன்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வாக்கு வளர்ந்து வளர்ந்து 'சில்க்சாங்' என்ற தனிக் கேமாகி, 2025 செப்டம்பர் 4-ல் வெளியானது. அன்று பணம் போட்டவர்களுக்கு அதை இலவசமாகவே கொடுத்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் ஒரு வாக்கைச் சுமந்துகொண்டு வேலை செய்ததையும் அந்தக் கேமின் அழகில் சேர்த்துத்தான் நான் எண்ணுகிறேன்.

காசு சேராமல் போன கதையும் உண்டு. இலங்கையில் இருக்கும் எனக்குப் பக்கத்து நாடான இந்தியாவின் கதை. பூனாவின் நாடிங் ஹெட்ஸ் என்ற சின்னக் குழு 'ராஜி' என்ற கேமுக்காக 2017-ல் கிக்ஸ்டார்டரில் நிதி கேட்டது. அசுரர்கள் தூக்கிக்கொண்டு போன தம்பியைத் தேடிப் போகும் ஒரு கழைக்கூத்துப் பெண்ணின் கதை. இலக்கு எட்டவில்லை. அங்கே இலக்கு எட்டாவிட்டால் ஒரு சதம்கூடக் கைக்கு வராது. வேலையை இழுத்துக்கொண்டு போக நிறுவனர்களில் ஒருவரான ஸ்ருதி கோஷ் தம் வீட்டையே விற்க நேர்ந்தது. ஆனால் நிதிக்காக வெளியிட்ட டெமோ வீண்போகவில்லை. ஆடிப் பார்த்தவர்களின் பேச்சு பரவியது, வெளியீட்டாளர் கிடைத்தார். 2020-ல் கேம் வந்தது. அந்த வருடம் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த அறிமுக கேமுக்கான பரிந்துரைப் பட்டியலிலும் அதன் பெயர் இருந்தது. ராஜஸ்தானத்துக் கோட்டைகளை நினைவூட்டும் மாடங்கள் வழியே அவள் தாவி ஓடுவதையும், கதை சொல்லும் இடங்களில் திரை நிழற்பாவைக் கூத்தாக மாறுவதையும் பார்க்கும்போது, பணம் தோற்ற இடத்தில் வேலை ஜெயித்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

இனி அந்த ஒரு வார்த்தைக்கு வருகிறேன். ஆடிப் பார்த்தவர் சொல்லும் கருத்தைக் கேட்டு வாங்குவது, செய்பவர் பழக வேண்டிய வித்தை. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் ஆடுவதைப் பார்க்கும்போது வாயைத் திறக்கக்கூடாது. அங்கே இல்லை, இங்கே போ என்று சொல்லிவிட்டால் அன்றைய பரிசோதனை கெட்டது. கேம் வெளியான பிறகு ஒவ்வொரு வீட்டிலும் போய் நின்று வழிகாட்ட முடியாதே. ஆடுபவரின் விரல் எங்கே தயங்குகிறது, எந்த வரியைப் படிக்காமல் தாண்டுகிறார், எங்கே ஃபோனைக் கீழே வைக்கிறார் என்று கவனித்து எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

'செலஸ்டே' இந்தக் கவனத்தின் உச்சம். மேடி தோர்சன், நோயல் பெரி என்ற இருவர் 2015-ல் நான்கு நாளில் செய்த ஒரு சிறு கேம், வளர்ந்து 2018 ஜனவரியில் முழு கேமாக வந்தது. ஒரு பெண் மலை ஏறுகிறாள், அவ்வளவுதான் கதை. மலையோ மிகக் கடினம். ஆனாலும் ஆடுபவருக்குக் கோபம் வருவதில்லை. காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு தயவு. பாறை விளிம்பைத் தாண்டிக் கால் வெளியே போன பிறகும், ஒரு நொடியில் சிறு பங்கு நேரத்துக்கு நீங்கள் குதிக்கலாம், கேம் ஏற்றுக்கொள்ளும். தாவும்போது தலை பாறை மூலையில் மயிரிழையில் தட்டினால், உங்களை மெல்ல ஓரமாக நகர்த்தி மேலே விடும். நான் பட்டனை அழுத்தினேன், அவள்தான் குதிக்கவில்லை என்று சொல்லும் ஆளோடு வாதாடி என்ன பயன்? கணக்குப்படி அவர் தாமதித்திருக்கலாம். ஆனால் அவர் உணர்ந்தது அவருக்கு உண்மை. அந்த உணர்வின் பக்கம் நின்று கணக்கை மாற்றுவதே இந்தக் கலையின் பெருந்தன்மை.

இலங்கையின் தெஹியோவிட்டயில் இருந்துகொண்டு இதையெல்லாம் ரசிப்பவனுக்குக் காசுப் பக்கம் கொஞ்சம் இறுக்கம்தான். இலங்கை முகவரியை வைத்துக் கிக்ஸ்டார்டரில் ஒரு திட்டம் தொடங்க முடியாது. வெளிநாட்டுக்கு ஐந்து டாலர் அனுப்பவும் அதற்குரிய வங்கி அட்டை வேண்டும். அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டைக்குப் போகும் வீதியின் இரு பக்கமும் றப்பரும் தேயிலையுமாக இருக்கும் எங்கள் பகுதியில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகள் பலருக்குக் கேம் என்றால் வீட்டில் இருக்கும் ஒரே ஃபோனில், ரீலோட் தீரும்வரை ஆடுவது.

ஆனால் கூட்டாகக் காசு போட்டு ஒன்றை நடத்துவது தோட்டத்துக்குப் புதிதல்ல. சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த சந்தாவில் தோட்டத்து அம்மனுக்குத் திருவிழா எடுத்த வழக்கம் எங்களுடையது. சந்தா கொடுத்த ஒவ்வொருவருக்கும் மேளம் சரியில்லை, தேர் பிந்திவிட்டது என்று சொல்லும் உரிமை உண்டு. அடுத்த வருடம் அது திருந்தும். சின்னக் கேம்களின் உலகம் எனக்கு அந்நியமாகப் படாததற்கு அதுதான் காரணம். பணம் போடுவதும் குறை சொல்வதும் அங்கேயும் ஒரே உறவின் இரண்டு பக்கம்.

அந்த உறவை மிக அழகாக வைத்திருந்தவர்கள் டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள். 'டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்' என்ற தங்கள் கேமை 2006 முதல் இலவசமாகவே கொடுத்து வந்தார்கள். ஆடியவர்கள் மனமுவந்து அனுப்பிய நன்கொடையில்தான் வாழ்க்கை. நன்கொடை அனுப்பியவர் கேட்டால், நன்றியாக ஒரு கதை எழுதியோ கிரேயோனில் ஒரு படம் வரைந்தோ அனுப்புவார்கள். 2022 டிசம்பரில்தான் அது விலைக்கு வந்தது. இலவசப் பதிப்பும் தொடர்ந்தது. பதினாறு வருடம் ஒரு கேமை இப்படி வளர்த்தெடுக்க, கொடுத்தவர்களின் பொறுமையும் வாங்கியவர்களின் நேர்மையும் ஒன்றுக்கொன்று ஈடாக நின்றிருக்கின்றன.

தமிழ் பேசும் நமக்கு இந்த உலகத்தில் ஒரு தனி வேலையும் இருக்கிறது. டொரொண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா'வை ஆடியவர்களுக்கு இது உடனே புரியும். 1980-களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம். தன் அம்மாவின் கிழிந்து மங்கிய சமையல் குறிப்பைப் பார்த்து அந்த வீட்டுப் பெண் சமைக்கிறாள். முதல் பலகாரம் இட்லி. தட்டுகளை அடுக்கும்போது ஒரு தட்டின் குழிக்கு நேர்மேலே அடுத்த தட்டின் குழி வராமல் திருப்பி வைத்தால்தான் ஆவி ஏறும். நம் அடுப்படியில் யாரும் வாய்விட்டுச் சொல்லித்தராத அந்தச் சின்னத் திருப்பம் அங்கே ஒரு புதிராகிவிட்டது. அவளுடைய மகனுக்குத் தமிழ் விளங்காத இடங்களில் திரையின் எழுத்தும் தெளிவில்லாமல் போகிறது. இந்தச் சின்னக் கேமுக்கு 2024-ல் பாஃப்டாவின் அறிமுக கேம் விருதும், சுயாதீன கேம் விழாவின் பெரும்பரிசும் கிடைத்தன.

வெண்பாவைச் செய்தவர்களுக்குத் தமிழ் தெரியும். தமிழ் தெரியாத ஒருவர் தம் கேமில் ஆசையாகத் தமிழ் சேர்க்கும்போது என்ன ஆகிறது? 'பெட்டி' என்று எழுதும்போது கம்ப்யூட்டர் 'ப'வை முதலிலும் கொம்பைப் பிறகும்தான் சேமிக்கிறது. திரையில் வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். இதற்கு ஏற்பாடு இல்லாத, கேம் செய்யும் கருவியில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்த் தனியாக நிற்கும். 2023-ல் வந்த கோடோ 4 போன்ற இலவசக் கருவிகள் இதைச் சரியாக வரைகின்றன. எல்லாக் கருவிகளும் அப்படி இல்லை. செய்தவரின் கண்ணுக்கு அந்தப் பிழை தெரியவே தெரியாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளை பார்த்த உடனே சொல்லிவிடும். திரையை ஒரு படம் பிடித்து, கொம்பு இடம் மாறியிருக்கிறது என்று இரண்டு வரி எழுதி அனுப்புவது ஐந்து டாலரைவிடப் பெரிய கொடை. பழைய ஃபோனில் சூடேறி நின்றுபோகிறது, எழுத்து சின்னதாக இருக்கிறது, மழை நாளில் சிக்னல் போனதும் ஆட்டம் அழிந்துவிடுகிறது என்ற செய்திகளும் அப்படித்தான். நல்ல கம்ப்யூட்டரும் தடையில்லாத இணையமும் உள்ளவர்களால் அவற்றைச் சொல்லவே முடியாது.

ஆகவே ஒரு டெமோ கையில் கிடைத்தால் ஆடிவிட்டுச் சும்மா போகாதீர்கள். நன்றாக இருக்கிறது என்பது அன்பு. ஆனால் செய்பவருக்கு அதை வைத்து எதையும் திருத்த முடியாது. எந்த இடத்தில் சிரித்தீர்கள், எந்த இடத்தில் வழி தெரியவில்லை, எப்போது நிறுத்தினீர்கள் என்று சொல்லுங்கள். இப்படி மாற்று என்று தீர்வு சொல்ல வேண்டியதில்லை. நோவைச் சொன்னால் போதும், மருந்து அவர் தேடிக்கொள்வார். ஆங்கிலம் தடுமாறினால் தமிழிலேயே எழுதுங்கள். மொழிபெயர்த்துப் படிக்க இன்று வழி உண்டு. கேம் செய்ய ஆசைப்படும் எங்கள் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன்: பெருந்தொகை கேட்டுக் காத்திருக்காமல், பத்து நிமிடம் ஆடக்கூடிய ஒன்றைச் செய்து பக்கத்து லயத்துப் பிள்ளையின் கையில் கொடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், பேசாமல் பாருங்கள். டோபி ஃபாக்ஸுக்குக் காசு வந்தது, ஆடிப் பார்க்க ஒன்று தயாராக இருந்ததால். அந்தத் தயாரிப்புக்கு வேண்டிய ரசிகர்களும் சோதனையாளர்களும் தெஹியோவிட்டயில் இன்றே இருக்கிறார்கள்.