நிமிஷக் கணக்கில் வாசிப்பு

இணையத் தமிழ் எழுத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் வேகத்தைப் புகழ்கிறார்கள், அல்லது மேம்போக்கைத் திட்டுகிறார்கள். ஆரம்பத்தில் அது யார் செலவில் நடந்தது என்று கேட்பதில்லை. ரசனை சம்பந்தப்பட்ட இடத்தில் ரசீதை எடுத்து நீட்டுவது அநாகரிகம் என்று எண்ணமோ என்னவோ. எனக்கு ரசீதிலிருந்து தொடங்குவதுதான் சரியாகப் படுகிறது.

1995 ஆகஸ்ட் 15இல் விதேஷ் சஞ்சார் நிகம் நாலு பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையத் தொடர்பை விற்கத் தொடங்கியது. தனிநபருக்கு 250 மணி நேரம், 5,000 ரூபாய். மணிக்கு 20 ஆயிற்று; தொலைபேசிக் கட்டணம் தனி. பிறகு மாணவர்களுக்கென்று மலிவாக ஒன்று வந்தது. அதில் படம் வராது, எழுத்து மட்டும். அதுவும் ரோமன் எழுத்து. 'ழ' என்ற ஓரெழுத்தைப் பெயராக வைத்து ஆத்மாநாம் 1978இல் பத்திரிகை தொடங்கிய மொழி, அந்தத் திரையில் ழகரத்துக்கு இரண்டு அந்நிய எழுத்துக்களைக் கடன் வாங்கிக்கொண்டு நின்றது.

அமெரிக்காவிலும் காம்புசர்வ் முதலானவை வெகுகாலம் மணிக் கணக்கில்தான் காசு வாங்கின. 1996 டிசம்பரில் அமெரிக்கா ஆன்லைன், மாதம் 19.95 டாலர், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என்று மாற்றிவிட்டது. பல்கலைக்கழகங்களிலும் கம்பெனிகளிலும் இருந்த தமிழர்களுக்கு அந்தச் செலவும் கிடையாது. ஆக, கடிகாரம் உறுத்தாதவர்கள் எழுதினார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாங்கள் படித்தோம். அவர்கள் செய்ததைக் குறைத்துச் சொல்லவில்லை. லொசானில் இருந்த கல்யாணசுந்தரம் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்துக்காக எங்கெங்கோ இருந்தவர்கள் கூலியின்றிப் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். புத்தக மூட்டையைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கிய செல்லப்பாவின் ஜாதி அது. நான் சொல்வது மற்ற எழுத்தைப் பற்றி. அதில் பெரும்பகுதி ஊர் ஞாபகம். தூரத்தில் இருப்பவனுக்கு ஊர் ஞாபகம் வருவது இயல்புதான். ஆனால் எழுத வசதியுள்ளவன் தூரத்தில் இருப்பவன் மட்டும்தான் என்றால் அதுவே இலக்கியத்தின் தொனியாகிவிடுகிறது.

2000 வாக்கில் நாகர்கோவிலில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய்க்கொண்டிருந்தேன். மணிக்கு 30 ரூபாய். முதல் நாள் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டமும் கொக்கியுமாகக் கிடந்தது. எழுத்துரு இல்லை. அதை இறக்கிக்கொள்வதிலேயே அரைமணி போயிற்று, 15 ரூபாய். பிறகு தெரிந்தது சுசீந்திரம் தேரோட்டம் பற்றி அமெரிக்காவிலிருந்து ஒருவர் எழுதிய கட்டுரை. பஸ்ஸேறினால் கால்மணியில் சுசீந்திரம்!

இருந்தும் மறுநாள் போனேன். கவர்ச்சி உண்மையானது. காலாண்டிதழ் என்று பெயர் போட்டு அரையாண்டுக்கொருமுறை வரும் பத்திரிகைகளில் வளர்ந்தவன் நான். ஒரு கவிதையைப் பற்றிக் காலையில் அனுப்பிய அபிப்பிராயத்துக்குச் சாயங்காலம் சண்டைக்கு வருகிறான் கனடாவிலிருந்து ஒருவன். நம்மைப்போல் இன்னொருவன் இருக்கிறான் என்ற பிரக்ஞைக்கு 30 ரூபாய் அதிகமில்லை.

ஆனால் கவிதை? திரையின் மூலையில் நிமிஷம் ஓடுகிறது. புரியாத வரியில் நிற்க மனம் துணியவில்லை. இரண்டாவது தடவை படிப்பது வீண் செலவு. நவீன கவிதை இரண்டாவது தடவையில்தான் தொடங்குகிறது என்பதை இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் வாசிப்பிலேயே கைக்கு வந்துவிடுகிற கவிதைகளுக்கு அங்கே பாராட்டு குவிந்ததில் ஆச்சரியமில்லை. அது எழுதியவர்களின் கோளாறு மட்டுமா?

இதற்கு விலக்கு உண்டு. 1999இல் அமெரிக்காவிலிருந்து தொடங்கிய திண்ணையில், குமரி மாவட்டத்துக்காரரான ஜெயமோகன் நீளநீளமாக எழுதினார். அவர் அப்போது தொலைபேசித் துறை ஊழியராக இருந்ததை நண்பர்கள் சிரிப்போடு சொல்வார்கள். ஒருவரை வைத்து வாதத்தைக் கைவிட நான் தயாரில்லை.

பக்கத்துக்குத் தனிக்காசு கொடுத்துச் சில கவிதைகளை அச்செடுத்து வந்தேன். அவற்றில் ஒன்று ஜியோசிட்டீஸில் யாரோ இலவசமாகப் போட்டு வைத்திருந்தது. 2009இல் அந்தத் தளத்தையே மூடிவிட்டார்கள். என்னிடம் அந்தத் தாள் இருக்கிறது. கீழே தேதியும் நேரமும் அச்சாகியிருக்கின்றன: இரவு 8.52. ஒன்பதுக்குள் எழுந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் எடுத்திருப்பேன். மூன்றாவது வரி அங்கே படித்தபோது பிழை என்று பட்டது. பிழை இல்லை.